முத்துஸ்வாமி தீக்ஷிதரும் நோட்டு ஸ்வர ஸாஹித்தியங்களும்

சோழ நாட்டுத் திருவாரூர், தேவாரப் பாடல் பெற்ற பழம்பதி. ஆழித்தேரும் கமலாலயமும் அவ்வூருக்கு அழியாப் புகழைத் தந்தன. அப்புகழோடு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மற்றொரு புகழும் சேர்ந்தது. 1762-ஆம் ஆண்டில் ஸ்யாமா சாஸ்திரிகளும், 1767-ஆம் ஆண்டில் தியாகராஜ ஸ்வாமிகளும், 1775-ஆம் ஆண்டில் முத்துஸ்வாமி தீக்ஷிதரும் அவ்வூரிலேயே அவதரித்தனர். கர்நாடக சங்கீதத்தின் மும்மூர்த்திகள் என்று உலகம் போற்றும் இம்மூவருள் இளையவராகிய தீக்ஷிதரின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீக்ஷிதர் என்றவுடன் சங்கீதம் பயின்றோர் நினைவுக்கு வருவன, விளம்ப காலத்தில் யானை நடைபோல் செல்லும் பெரிய கீர்த்தனங்களே. அவற்றின் பெருமையை எடுத்துரைப்பார் பலர் உளர். ஆனால், அவர் இயற்றிய சிறிய பாட்டுக்கள் ஏறத்தாழ நாற்பது, அவற்றின் ஓரத்தில் அடக்கமாக நிற்கின்றன. அவை ஐரோப்பிய மெட்டுக்களுக்கு ஸம்ஸ்கிருதத்தில் அமைத்த ஸாஹித்தியங்கள். வைதிக நெறியில் ஊன்றி நின்ற ஒருவர் அந்நிய நாட்டுப் பாண்டு வாத்திய இசைக்குத் தெய்வத் துதிகளை அமைத்தது எங்ஙனம்? அவ்விசையால் அவர் பெற்றது யாது? அவர் வாழ்க்கையை ஆராயுங்கால் இவ்வினாக்களுக்கு விடை தானே புலப்படும்.

தீக்ஷிதருடைய தந்தையார் ராமஸ்வாமி தீக்ஷிதர், தாயார் சுப்பம்மாள். ராமஸ்வாமி தீக்ஷிதர் 1735-ஆம் ஆண்டிற் பிறந்தவர். வடமொழியிலும் தெலுங்கிலும் சங்கீதத்திலும் பெரும்புலமை வாய்ந்தவர். எழுபத்திரண்டு மேளங்களை வகுத்த வேங்கடமகியின் ஸம்பிரதாயத்திற் பயின்றவர். ஹம்ஸத்வனி ராகத்தை முதன்முதல் வெளியிட்டவர் அவரே என்பர். நெடுநாள் மகப்பேறின்றி வருந்திய அவர், வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமார ஸ்வாமியை வழிபட்டுப் பெற்ற பிள்ளையாதலின், குழந்தைக்கு முத்துஸ்வாமி என்று பெயரிட்டனர் என்பது குடும்ப வரலாறு. பின்னர்ச் சின்னஸ்வாமி, பாலுஸ்வாமி என்னும் தம்பியரும், பாலாம்பாள் என்னும் தங்கையும் பிறந்தனர். முத்துஸ்வாமி இளமையிலேயே வேதம், காவியம், வியாகரணம், சோதிடம் முதலியவற்றைக் கற்றதோடு, தந்தையாரிடமே வாய்ப்பாட்டும் வீணையும் முறையாகப் பயின்றார்.

அக்காலத்தில் சென்னைக்கு அண்மையிலுள்ள மணலியில் முத்துக்கிருஷ்ண முதலியார் என்னும் செல்வர் வாழ்ந்தார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷாக விளங்கியவர். கல்வியிலும் கலையிலும் பெருவிருப்புடையவர். ராமஸ்வாமி தீக்ஷிதரின் புலமையைக் கேள்வியுற்ற அவர், அக்குடும்பத்தாரை மணலிக்கு அழைத்துச் சென்று ஆதரித்தார். அவருக்குப்பின் அவர் புதல்வர் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அவ்வாதரவைக் குறைவறச் செய்து வந்தார். சின்னையா முதலியார் என்று வழங்கப்பெற்றவர் இவரே. இவ்வாறு, திருவாரூர்க் கோயிலின் நிழலில் வளர்ந்த பிள்ளைகள், கம்பெனியாரின் கோட்டைக்கு அருகே வாழும் நிலையை எய்தினர்.

சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் படையினர் இருந்தனர். அவர்களுக்குரிய பாண்டு வாத்தியமும் இருந்தது. அணிவகுப்பு நடைக்கும், விருந்துக்கும், நடனத்துக்கும் ஏற்ற இங்கிலாந்து, ஸ்காத்துலாந்து, ஐர்லாந்து நாடுகளின் மெட்டுக்கள் அங்கே இசைக்கப்பட்டன. முதலியாரின் தொடர்பால் தீக்ஷித சகோதரர்கள் அவ்விசையைக் கேட்கும் வாய்ப்பைப் பெற்றனர். ஒரே பண்பில் வளர்ந்த அவர்களுள் இருவர், அதனை இருவேறு வகையில் ஏற்றனர் என்பது கருதத்தக்கது. இளையவராகிய பாலுஸ்வாமியின் உள்ளத்தை அவ்விசைக்குரிய கருவி கவர்ந்தது. அவர் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் வாசிக்கக் கற்று, நம் ராகங்களை அதில் வாசித்துப் பழகினார். இன்று கச்சேரி மேடையில் பிடில் இன்றியமையாத பக்கவாத்தியமாக விளங்குவதற்கு வழிகோலியவருள் முதல்வராக அவரைக் கூறுவர். மூத்தவரின் உள்ளத்திலோ அம்மெட்டுக்களே பதிந்தன.

இந்நிலையில் சிதம்பரநாத யோகி என்னும் துறவியார் மணலிக்கு எழுந்தருளினார். அவர் முத்துஸ்வாமியின் தகுதியைக் கண்டு, தம்முடன் காசிக்கு அனுப்புமாறு தந்தையாரை வேண்டினார். பெற்றோர் பெரிதும் கலங்கிப் பின்னர் இசைந்தனர். தீக்ஷிதர் காசியிற் சில ஆண்டுகள் தங்கி, குருவுக்குப் பணிவிடை செய்து, ஸ்ரீவித்யா உபாசனையும் வேதாந்தமும் பயின்றார். வடநாட்டுத் துருபத இசையை அதன் பிறப்பிடத்திலேயே கேட்கும் பேறும் அவருக்கு வாய்த்தது. கங்கையில் இறங்கி நீரில் கைவிடுமாறு குரு பணிக்க, அவ்வாறே செய்த சீடர் கையில் ஒரு வீணை கிடைத்தது என்றும், அதன்பின் குரு அங்கேயே ஸித்தியடைந்தார் என்றும் ஸம்பிரதாயம் கூறும்.

காசியினின்று திரும்பிய தீக்ஷிதர் திருத்தணிகைக்குச் சென்று முருகப் பெருமானை வழிபட்டார். அங்கே முதியவர் ஒருவர் அவர் வாயிற் கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், அக்கணமே பாடும் ஆற்றல் பொங்கியது என்றும் கூறுவர். மாயாமாளவகௌள ராகத்தில் அமைந்த ஸ்ரீநாதாதி குருகுஹோ என்பதே அவருடைய முதற்கீர்த்தனம். அன்று முதல் குருகுஹ என்னும் பெயர் அவருடைய முத்திரையாயிற்று.

இம்முத்திரை நோட்டு ஸ்வர ஸாஹித்தியங்கள் சிலவற்றிலும் வருகின்றது. ஆதலின் அவை வெறும் சிறுபிள்ளை விளையாட்டாகச் செய்யப்பட்டன என்று கொள்வதற்கில்லை. இளமையிற் செவிவழிப் புகுந்த மெட்டுக்கள், தீக்ஷை பெற்றுப் பக்குவமடைந்த புலவரின் வாக்கினால் உருப்பெற்றன என்று கொள்வதே பொருந்தும்.

இனி அப்பாட்டுக்களின் அமைப்பை நோக்குவோம். நோட்டு என்பது ஸ்வரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபே. இம்மெட்டுக்கள் யாவும் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அடங்குவன. மேனாட்டார் பெரிதும் கையாளும் பெரிய ஸ்வரவரிசையும், நம் மேளங்களுள் இருபத்தொன்பதாவதாகிய தீரசங்கராபரணமும் ஸ்வரஸ்தானங்களால் ஒன்றே. எனினும் இரண்டும் ஒரே இசையல்ல. நம் சங்கராபரணத்தில் காந்தாரம் அசையும். நிஷாதம் ஷட்ஜத்தை நாடித் துடிக்கும். கமகமே அதன் உயிர். மேனாட்டு மெட்டில் ஒவ்வொரு ஸ்வரமும் அசைவின்றித் தன்னிடத்தில் நேராக நிற்கும். அதன் அழகு நடையினாலும் தாவுதலினாலும் விளைவது. இவ்வேற்றுமையைத் தீக்ஷிதர் நன்குணர்ந்திருந்தார். ஆகவே, அம்மெட்டுக்களுக்குக் கமகம் பூட்டி அவற்றை ராக ஆலாபனமாக்க முயலவில்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அங்கங்களையும் அவற்றின்மேல் ஏற்றவில்லை. மெட்டு எவ்வாறு வந்ததோ அவ்வாறே அதனை நிறுத்தி, ஸ்வரத்துக்கு ஓரெழுத்தாகப் பெரும்பாலும் சொற்களைப் பொருத்தினார்.

இஃது எளிய செயலன்று. ஸம்ஸ்கிருதத்தில் குறிலும் நெடிலும் தத்தம் அளவினின்று பிறழலாகாது. மெட்டிலுள்ள குறுகிய ஸ்வரத்தில் நெடிலை அடக்கினாலும், நீண்ட ஸ்வரத்திற் குறிலை இழுத்தாலும் செவிக்கு இன்னாததாகும். தீக்ஷிதரோ மெட்டின் அளவும் பிறழாமல், மொழியின் அளவும் சிதையாமல், பொருளும் தடைப்படாமல் சொற்களை அடுக்கினார். இன்று இசை பயிலத் தொடங்கும் சிறுவர் பலர் கற்கும் சக்திஸஹித கணபதிம் என்னும் பாட்டில், அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் பிராஸத்தையும் காணலாம். மெட்டு மேனாட்டினது, அதன்மேல் அமைந்த செய்யுட் கட்டுக்கோப்போ முழுவதும் நம் நாட்டினது.

இப்பாட்டுக்களுள் வந்தே மீனாக்ஷி என்பது, ஐர்லாந்தில் மாலோ என்னும் ஊரின் களியாட்ட இளைஞர்களைப் பற்றி வழங்கிய மெட்டில் அமைந்தது. மதுவும் கூத்துமாகப் பொழுது போக்கியவர்களின் துள்ளல் மெட்டு, மதுரை மீனாக்ஷியை வணங்கும் துதியாயிற்று. ஸந்ததம் பாஹிமாம் ஸங்கீத ச்யாமளே என்னும் பாட்டோ அதனினும் வியக்கத்தக்கது. அது, கடவுள் அரசரைக் காத்தருள்க என்று வேண்டும் பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டு. 1745-ஆம் ஆண்டில் லண்டன் நாடக சாலைகளிற் பாடப்பெற்றுப் புகழடைந்த அக்கீதம், கம்பெனியாரின் கொடி சென்ற இடமெல்லாம் உடன் சென்றது. மூன்று மூன்று மாத்திரையாகச் செல்லும் அதன் கம்பீர நடையைத் தீக்ஷிதர் சற்றும் மாற்றவில்லை. ஆனால், அரசர் இருந்த இடத்தில் இசைக்குத் தலைவியாகிய ச்யாமளா தேவியை இருத்திவிட்டார்.

இதனை ஆழ்ந்து எண்ணவேண்டும். நாட்டின் ஆட்சி மெல்ல மெல்ல அயலார் கைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அவ்வாட்சியின் பெருமையை முழக்கும் இசையே அக்கீதம். அதனைக் கேட்ட நம்மவர் ஒருவர், வெறுத்துச் செவியைப் பொத்திக்கொண்டிருக்கலாம். அல்லது ஆள்வோரின் தயவை நாடி, அவர்களைப் புகழ்ந்து பாடிப் பரிசில் பெற்றிருக்கலாம். தீக்ஷிதர் இரண்டையும் செய்யவில்லை. மெட்டின் இனிமைக்கு உரிய மதிப்பைத் தந்தார். துதியை மட்டும் தாம் வழிபடும் தெய்வத்திற்கே உரியதாக்கினார்.

அவர் செல்வரை நாடிப் பாடும் இயல்பினர் அல்லர் என்பதற்கு மற்றொரு வரலாறும் வழங்குகிறது. தஞ்சையில் வறுமையுற்றிருந்த காலத்தில், பொன்னணி வேண்டுமென்னும் ஆசை அவர் மனைவியாருக்கு உண்டாயிற்று. அரசரைப் பாடினாற் பொருள் கிடைக்கும் என்று பிறர் கூறினர். தீக்ஷிதரோ, அழியும் மனிதரை அண்டேன் என்னும் கருத்தமைய, லலிதா ராகத்தில் ஹிரண்மயீம் லக்ஷ்மீம் என்னும் கீர்த்தனத்தைத் திருமகள்மேற் பாடினார். அன்றிரவு மனைவியார் கனவில் தேவி தோன்ற, அவருடைய பொன்னாசை நீங்கியது என்பர்.

நோட்டு ஸ்வர ஸாஹித்தியங்கள் தீக்ஷிதரின் பெருமைக்கு ஏலாத அற்பப் பொருள்கள் என்று கருதுவோரும் உண்டு. ராகபாவத்தை அளவுகோலாகக் கொண்டு நோக்கின், அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எந்தக் கச்சேரியிலும் இவை நடுவிடம் பெறுவதற்குரியன அல்ல. ஆனால், ஒருவர் எதனைப் பெற்றுக்கொண்டார் என்பதோடு, எந்த அளவில் நிறுத்தினார் என்பதையும் நோக்கினாலன்றி அவரை முழுதும் அறிதல் இயலாது. அதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கையே சான்று.

தீக்ஷிதர் காஞ்சிபுரத்திலும் திருவாரூரிலும் தஞ்சையிலும் வாழ்ந்து, எண்ணிறந்த தலங்களுக்கு யாத்திரை செய்து, நானூற்றுக்கு மேற்பட்ட கீர்த்தனங்களை இயற்றினார். திருவாரூர்க் கமலாம்பிகைமேற் பாடிய நவாவரணக் கீர்த்தனங்கள், ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணங்களையும் முறையாக விளக்குவன. சுத்தமத்தளம் தம்பியப்பன் என்னும் சீடரின் வயிற்றுநோய் நீங்கும்பொருட்டு அவர் கிரகங்களின்மேற் கீர்த்தனம் பாடத் தொடங்கினார் என்பதும் யாவரும் அறிந்ததே. இப்பெருங்கீர்த்தனங்களிற் பாண்டு வாத்தியத்தின் சாயல் சிறிதும் இல்லை. வேகத்துக்கு மாறாக விளம்பமும், தாவுதலுக்கு மாறாக இழைதலும், நேர் ஸ்வரத்துக்கு மாறாகக் கமகமுமே அவற்றில் நிறைந்துள்ளன. வடநாட்டு இசையிற் கேட்டனவற்றையோ அவர் தம் பெருங்கீர்த்தனங்களிலேயே கலந்தார். த்விஜாவந்தியிற் பாடிய சேத: ஸ்ரீ என்பதும், யமுனாகல்யாணியிற் பாடிய ஜம்பூபதே என்பதும், பிருந்தாவனியிற் பாடிய ஸௌந்தரராஜம் என்பதும் இதற்குச் சான்று. ராகம் என்னும் கொள்கையில் ஒன்றுபட்ட இசையை உள்ளே விட்டார். அக்கொள்கையில் வேறுபட்ட இசைக்குத் தனியே ஓர் இடம் வகுத்து அங்கே அதனை மதித்தார். இவ்வேறுபாடு, அவருடைய நுண்ணறிவை நமக்குக் காட்டுகின்றது.

அந்நாளில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் ஆண்டார். அவர் ஜெர்மானிய மிஷனரியாகிய ஸ்வார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பிற் கல்வி பயின்றவர். மேனாட்டு இசையை அரண்மனையில் வளர்த்தவர். அதே ஐயரிடம் பயின்ற வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டிற் பிறந்து, தஞ்சையில் வாழ்ந்து, கிறிஸ்து சமயப் பொருளைக் குறவஞ்சியிலும் கர்நாடக ராகங்களில் அமைந்த கீர்த்தனைகளிலும் பாடினார். தீக்ஷிதர் மேனாட்டு மெட்டில் இந்நாட்டுத் தெய்வங்களைப் பாடினார். ஓராண்டு மூத்தவராகிய சாஸ்திரியார் இந்நாட்டு மெட்டில் மேனாட்டார் கொணர்ந்த சமயத்தைப் பாடினார். ஒரு தலைமுறையில், ஒரே நாட்டில், இவ்விரு பெரியாரும் எதிரெதிர்த் திசையில் நடந்தும் ஒரே உண்மையை நமக்குப் புலப்படுத்தினர். இசைக்கு எல்லைக்கற்கள் இல்லை. ஆயினும் பாடுவோனுக்குத் தன் உள்ளத்தில் ஓர் இருப்பிடம் வேண்டும்.

தஞ்சையில் தீக்ஷிதரிடம் பயின்ற சீடருள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வரும் சிறந்தவர். அவர்கள் தம் குருவின்மேல் நவரத்னமாலை என்னும் கீர்த்தனங்களைப் பாடிச் சமர்ப்பித்தனர். இவருள் இளையவராகிய வடிவேலு பிடில் வாசிப்பில் ஒப்பற்றவரானார். திருவனந்தபுரத்து மன்னர் ஸ்வாதித் திருநாள் 1834-ஆம் ஆண்டில் தந்தத்தாலான பிடில் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். கோட்டையில் தம்பியின் உள்ளத்தைக் கவர்ந்த கருவி, அண்ணனின் சீடர் கையில் அரசவைப் பெருமை பெற்றது.

பாலுஸ்வாமி பின்னாளில் எட்டயபுரம் அரசரின் ஆஸ்தான வித்துவானானார். தம்பியைக் காணும் விருப்பத்தால் தீக்ஷிதர் தெற்கு நோக்கிச் சென்றார். வழியில் மழையின்றி வாடிய நிலத்தைக் கண்டு இரங்கி, அமிர்தவர்ஷிணி ராகத்திற் பாட, மழை பொழிந்தது என்பது கர்ணபரம்பரை. எட்டயபுரத்திலேயே, 1835-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் நாள், தீபாவளித் திருநாளன்று, சீடர்கள் மீனாக்ஷியின்மேல் அவர் இயற்றிய கீர்த்தனத்தைப் பாடிக்கொண்டிருக்கையில், அவர் இறைவியின் திருவடி அடைந்தார் என்பர். அவருடைய ஸமாதி அவ்வூரிலேயே இருக்கின்றது.

தீக்ஷிதரின் கீர்த்தனங்களை அழியாமற் காத்தவர் பாலுஸ்வாமியின் பேரரும், அவர் ஸ்வீகாரம் செய்துகொண்டவருமாகிய சுப்பராம தீக்ஷிதர். ஏ. எம். சின்னஸ்வாமி முதலியார் என்னும் அறிஞர், நம் கீர்த்தனங்களை ஐரோப்பிய ஸ்வரக்குறியில் எழுதி வெளியிடும் பெருமுயற்சியில் ஈடுபட்டிருந்தார். தம்மிடமிருந்த இசைச் செல்வத்தை உலகுக்கு அளிக்குமாறு சுப்பராம தீக்ஷிதரைத் தூண்டியவருள் அவரும் ஒருவர். எட்டயபுரம் சமஸ்தானத்தின் பொருளுதவியால், 1904-ஆம் ஆண்டில் ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூல் வெளிவந்தது. மேனாட்டார் தம் இசையைக் கோடுகளில் எழுதிக் காத்ததைக் கண்டு, நம் இசையையும் கமகக் குறிகளோடு எழுத்திற் பொறிக்கலாம் என்னும் துணிவு பிறந்தது. அந்நூல் இன்றேல், குருகுஹ முத்திரை பெற்ற பல கீர்த்தனங்கள் இன்று நமக்குக் கிட்டியிரா. கோட்டையின் மெட்டுக்களுக்குத் தீக்ஷிதர் காட்டிய மதிப்புக்கு, இரண்டு தலைமுறைக்குப் பின் மேனாட்டுக் கலை தந்த கைம்மாறு இது என்று கொள்ளினும் தவறாகாது.

கலாசாலைகளிற் பயிலும் நாம், மேனாட்டு நூல்களையும் கருவிகளையும் எண்ணங்களையும் நாள்தோறும் பெறுகின்றோம். வருவன அனைத்தையும் கண்மூடி வணங்குவோரும், அனைத்தையும் கண்மூடித் தள்ளுவோரும் நம்மிடையே உண்டு. இருவருக்கும் காதைத் தீட்டிக் கேட்கும் உழைப்பு மிச்சமாகின்றது. தீக்ஷிதர் அவ்வுழைப்பை மேற்கொண்டார். பிறர் மெட்டை அதன் அளவு சிதையாமற் கற்றார். தம் மொழியையும் அதன் அளவு சிதையாமற் காத்தார். வேங்கடமகியின் ஸம்பிரதாயமும் காசியின் தவமும் அவருள்ளத்தில் ஆழ வேரூன்றியிருந்தமையால், புதியதைக் கேட்க அவர் அஞ்சவில்லை. கேட்டபின் தம்மை இழக்கவுமில்லை. அச்சிறிய நாற்பது பாட்டுக்களும், அவற்றை அடுத்து நிற்கும் நானூறு பெருங்கீர்த்தனங்களும் ஒரே கையினின்று வந்தன என்பதை நினைவிற்கொண்டு படிப்போமாயின், கல்வி நம்மிடம் வேண்டுவது யாதென்பதை அவர் வாழ்க்கையே நமக்குக் கற்பிக்கும்.